கரும்பில் பழகிய ஊசி

ரேணிகுண்டா விமான நிலையத்தில் நான் இறங்கினேன். என் பெட்டி இறங்கவில்லை.

அந்தப் பெட்டிக்குள் நாலு சேலையும் ஒரு டின் அன்னாசி பிஸ்கட்டும் இருந்தன. அவை போனால் போகட்டும். நான் வந்த வேலையே அதற்குள்தான் இருந்தது. குழாய் இறக்கிப் பழகுவதற்கு ரப்பர் தொண்டை வைத்த பொம்மைத் தலை, பிளாஸ்டிக் விலா எலும்புக் கூடு, குழந்தையின் கால் எலும்பில் ஊசி இறக்குகிற பேட்டரி டிரில். கவுண்ட்டரில் இருந்த இளைஞர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குப் பின்னால் நின்றவர் மொழிபெயர்த்தார். "நாளைக்கு வந்துடுமாம், அம்மா." அடுத்த சில நாள் நான் போன் செய்த போதெல்லாம் இதே பதில்தான் வந்தது. நாள் மாறியது, பதில் மாறவில்லை.

நான் மலேசியாவில் தைப்பிங் என்ற ஊரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் டாக்டர். பெயர் கஸ்தூரி. சித்தூர், திருப்பதிப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் தனி ஆளாக டூட்டி பார்க்கிற டாக்டர்களுக்கு மூன்று நாள் கைப்பயிற்சி கொடுக்க அழைத்திருந்தார்கள். அவசரப் பிரிவில் மூளைக்குத் தெரிந்தது பிறகுதான் உதவும், முதலில் கைக்குத் தெரிய வேண்டும். அடைத்த தொண்டையில் குழாய் இறக்கவும், நெஞ்சுக்குள் தேங்கிய ரத்தத்தை வடிக்கவும், நழுவிய தோளை ஏற்றவும் புத்தகத்தைப் புரட்ட நேரம் கிடையாது. இதைச் சொல்லிக்கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அது எப்படி இறங்கியது என்பதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

தைப்பிங்கில் மழை பெய்யாத நாள் வந்தால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது போல் இருக்கும். இங்கே ஜூன் மாத வெயில் விமானத்தின் படியிலேயே காத்திருந்து என்னைப் பிடித்துக்கொண்டது. திருப்பதிக்குப் போன ஆட்டோவின் ஓட்டுநர் தெலுங்கில் தொடங்கினார், என் முழியைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார், எதிரே வந்த லாரிமேல் கோபம் வந்ததும் மறுபடி தெலுங்குக்குப் போனார்.

"மலேசியாவாம்மா? எங்க மச்சான் அங்கதான் கீறான். கோலாலம்பூரு, ஓட்டல்ல. பாத்தீங்கன்னா சொல்லுங்க, அவங்க அம்மாவுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லி."

பெயரையும் சொன்னார். பார்த்தால் சொல்கிறேன் என்றேன். இன்றுவரை கோலாலம்பூரில் எந்த ஓட்டலுக்குப் போனாலும் பரிமாறுகிறவர் பெயரைக் கேட்டுவிடுகிறேன்.

திருப்பதிக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டவை தலைகள்தான். அப்பாவுக்கு மொட்டை, அம்மாவுக்கு மொட்டை, இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கும் மொட்டை, மூன்றின் மேலும் சந்தனம். என் முதல் முடியை மலேசியாவிலேயே, பத்துமலை முருகனுக்குக் கொடுத்தார்கள். போட்டோ இருக்கிறது. அதில் முகத்தைவிட வாய் பெரிதாக இருக்கும், அவ்வளவு அழுகை.

*

திங்கட்கிழமை. பயிற்சிக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். வந்தவர்கள் பன்னிரண்டு டாக்டர்கள். பெட்டி வராததால், வரும்போது கறிக்கடையில் ஆட்டுக்கால் வாங்கி வரும்படி எல்லோருக்கும் முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். பதினொரு பேர் நான் விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் நாலடுக்குக் கேரியர் நிறையக் கொண்டு வந்தார்.

அவர்தான் டாக்டர் முனிரத்தினம். கண்ணாடிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். தலைமுடி மட்டும் தாண்டவில்லை, கன்னங்கரேல் என்று மை பூசிப் படிய வாரியிருப்பார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, சீப்பு இருக்கும். வாசலில் காவலாளி கேரியரை மோந்து பார்த்து அவரை நிறுத்திவிட்டார்.

"சாமி கல்யாணம் நடக்கற எடம் சார். கவுச்சி உள்ள போவக்கூடாது."

"துன்றதுக்கு இல்லப்பா, குத்துறதுக்கு!"

காவலாளி ஓரடி பின்னால் போனார். அதற்கு மேல் வாதாடிப் பயனில்லை. ஆட்டுக்கால்கள் வாசலில் நின்ற ஒரு ஆட்டோக்காரருக்குப் போயின. அன்று அவர் வீட்டில் பாயா மணந்திருக்கும்.

எனக்கு வந்த எரிச்சலில் மலேசியாவுக்கே திரும்பிவிடலாம் போலிருந்தது. முனிரத்தினம் வாசலைப் பார்த்தபடி தலையை வாரிக்கொண்டிருந்தார். அங்கே கரும்புச்சாறு வண்டி நின்றது.

"மேடம், வெளிய கெட்டி, உள்ள ஜூஸு. எலும்பும் அப்படித்தான? வேற இன்னா வேணும்?"

விஷயம் இதுதான். வாந்தி பேதியில் வற்றிப்போன குழந்தைக்கு நரம்புகள் சுருங்கி ஒளிந்துகொள்ளும். கையில் குத்தி, காலில் குத்தி, தேடிக்கொண்டே இருக்கையில் குழந்தை போய்விடும். ஆனால் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் உட்பக்கம் சுருங்காது. அந்த எலும்பில் தடித்த ஊசியைத் திருகி இறக்கி மருந்துத் தண்ணீரை ஏற்றினால், அது நேரே ரத்தத்தில் போய்ச் சேரும். நான் பத்து வருடமாக அதை டிரில்லில் செய்பவள். விசையை அழுத்தினால் வேலை முடிந்தது. கையால் திருகி எத்தனையோ நாள் ஆகிவிட்டது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கரும்பை முழ நீளத்துக்கு வெட்டி அடுக்கினோம். எலும்பு மஜ்ஜை எடுக்கிற ஊசிகளைத் திருப்பதியிலேயே ஒரு மருந்துக்கடையில் தேடிப் பிடித்தோம். தோலில் வைத்து, அழுத்தித் திருகினால், ஒரு கட்டத்தில் கைக்குள் சட்டென்று ஒரு விடுதல் தெரியும். சிரிஞ்சை மாட்டி இழுத்தால் பச்சை நிறச் சாறு ஏறும். முதல் சாறு ஏறியபோது பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். எந்தப் பொம்மைக் காலுக்கும் அப்படிக் கைதட்டல் விழுந்து நான் பார்த்ததில்லை. பதினொரு மணிக்கெல்லாம் எறும்பும் வகுப்புக்கு வந்துவிட்டது.

மதியம் இலைச் சாப்பாடு. பப்பு என்கிற பருப்பும், புளிச்சக்கீரையில் அரைத்த கோங்கூரா பச்சடியும், நெய்யும். எங்கள் ஊரில் காரம் என்றால் அதில் கொஞ்சம் இனிப்பும் கலந்து சமாதானம் பேசும். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. கண்ணில் தண்ணீரோடு நான் சாப்பிடும்போது முனிரத்தினம் பக்கத்து இலையில் இருந்தார். எல்லாப் பயிற்சியையும் விட்டுவிட்டு ஏன் கரும்பையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஆஸ்பத்திரி பிச்சாட்டூர்ப் பக்கம். இருபது படுக்கை, ஒரு டாக்டர். "எங்க நைனா அடுத்தவங்க நெலத்துல கூலி மேடம். எங்க சனத்துல மொத டாக்டர் நான். பெரியவன் டெக்சாஸ்ல கீறான், சின்னவன் பெங்களூர்ல. வா வான்னு கூப்டுக்கினே கீறானுங்க." சோற்றைப் பிசைந்தாரே தவிர எடுத்து வாயில் வைக்கவில்லை. "ரெண்டு கோடைக்கு முந்தி ஒரு கொழந்த. ஒம்போது மாசம். ஒரு நரம்பும் ஆப்டல. தலையில பாக்கலாம்னு கத்திரிய எடுத்தேன். 'மொத முடி சார், ஏழுமலையானுக்கு நேந்துக்கினது, தொடாதீங்க'ன்னு அவங்க அப்பன் கால்ல வுழுந்தான். அவன் கெஞ்சிக்கினு, நான் கெஞ்சிக்கினு. கெஞ்சி முடிக்கறதுக்குள்ள..."

முடிக்காமலே தண்ணீர் குடித்தார்.

"எலும்புல யாரும் நேந்துக்கறது இல்ல மேடம். இத ஒண்டி கத்துக்கினு போறேன். வரலன்னா, வாலண்டரி ரிட்டயர்மெண்ட் எழுதிக் குடுத்துட்டு டெக்சாஸ் போயிடறேன். பேரப் புள்ளைங்கள ஸ்கூலுக்கு இட்டுக்கினு போவேன்."

பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு அவர் இலையில் நெய் ஊற்றச் சொன்னேன். அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டு ஊர் திரும்பவேண்டும் என்ற ஆசை அப்போது வந்துவிட்டது. அவர் இல்லாவிட்டால் அந்த இருபது படுக்கைக்கு யார் வருவார்கள்?

*

புதன்கிழமை சித்தூர். வழியில் மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் டிராக்டர்கள் ஒரு மைல் தூரத்துக்கு நின்றன. எல்லாவற்றிலும் கிளிமூக்கு மாங்காய்தான். இங்கே அதைப் பெங்களூரா என்கிறார்கள். எங்கள் பஸ் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் இறங்கிப் போய் ஒரு பழத்தைத் துடைத்துத் தின்றுகொண்டே டிராக்டர்காரர்களோடு சண்டை போட்டார். கண்டக்டர் எனக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். "தினண்டி மேடம், இப்போ நகராது" என்று, தின்னச் சொன்னது தெலுங்கில், மீதி தமிழில். சட்டை முழுக்கச் சாறு. மாற்றுத் துணி பெட்டியில் இருந்தது, பெட்டி 'நாளைக்கு' வரவிருந்தது.

சித்தூரில் ஒரு பழைய கார் ஷெட் கொடுத்தார்கள். அங்கே கவுச்சிக்குத் தடையில்லை. ஆட்டுக்கால்கள் கூடை கூடையாக வந்தன. மற்ற டாக்டர்களுக்கு இரண்டாவது மூன்றாவது காலிலேயே கை படிந்துவிட்டது. முனிரத்தினத்துக்கு மட்டும் படியவில்லை. கரும்பில் ஐம்பது தடவை குத்தியவர் அல்லவா? அதே பலத்தில் அழுத்தினார். ஊசி எலும்பின் மறுபக்கம் வந்துவிட்டது. முதல் காலில் அப்படி, ஐந்தாவது காலில் அப்படி, ஒன்பதாவது காலிலும் அப்படி. குழந்தையின் எலும்பு இதைவிட மெல்லியது. மறுபக்கம் போன ஊசியில் ஏற்றுகிற தண்ணீர் சதையில்தான் தேங்கும்.

"மெதுவா, சார். மெதுவா."

நான் சொல்லச் சொல்ல மோசமாகிக்கொண்டே போனது. கரும்பைக் கையில் கொடுத்தது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. அவர் யோசனைதான் என்றாலும் தலையாட்டியவள் நான். மூன்று மணிக்கு எல்லோரும் கை கழுவினார்கள். ஆளுக்கொரு ஊசியை உறை பிரிக்காமல் நினைவுப் பரிசாகக் கொடுத்தேன். முனிரத்தினம் அதைச் சீப்புக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டார். மிச்சமிருந்த ஆட்டுக்கால்களையும் ஐஸ் போட்டுக் கேரியரில் அடுக்கிக்கொண்டார்.

"நாளைக்கு நம்ம வூட்ல சாப்பாடு மேடம். ஏரியும் காட்றேன்."

நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

*

வியாழக்கிழமை காலை அவருடைய பழைய காரில் கிளம்பினோம். நாராயணவனம் தாண்டியதும் டயர் வெடித்தது. மாற்று டயர் அதற்கு முன்பே வெடித்திருந்தது. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில், மல்லிகைக் கூடைகளுக்கும் ஒரு தையல் மிஷினுக்கும் நடுவே எனக்கு இடம் கிடைத்தது. தைப்பிங்கில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் முகத்தைப் பார்த்தாலே பெரிய விஷயம். இங்கே தையல் மிஷினுக்குச் சொந்தக்காரி பத்து நிமிடத்தில் என் சம்பளம், கல்யாணம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார்.

பிச்சாட்டூர் ஏரி நீர் வற்றிக் கிடந்தது. கரையிலிருந்து கொஞ்சம் தூரத்தில் வீடு, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஆஸ்பத்திரி. அவர் மனைவி சரளா சோறும் களியும் எடுத்து வைத்து, நடுவில் ஆட்டுக்கால் குழம்பை வைத்தார்.

"பயப்படாம துன்னுங்க மேடம். இது ஊசி குத்தாத காலு. குத்துன காலெல்லாம் கொல்லையில, அந்த நாய்க்கு."

முனிரத்தினம் அதிகாலையிலிருந்து சமையலறையில் உட்கார்ந்து மீதிக் கால்களையும் ஓட்டை போட்டிருந்தார். எல்லாம் மறுபக்கம்.

"நானும் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார் சரளா, களியில் குழி செய்து குழம்பை ஊற்றியபடி. "இவரு மூச்சப் புடிச்சுக்கினு குத்துறாரு. மூச்சு எப்போ வுட்றாரோ அப்போ முழு பலமும் எறங்கிடுது. கிணத்துல வாளி வுட்றாப்போல. வாயத் தொறந்து பேசிக்கினே குத்தச் சொல்லுங்க மேடம், நான் சொன்னா கேக்க மாட்டாரு."

நான் களியை விழுங்க மறந்துவிட்டேன். மூன்று நாள் அவருடைய விரலையும் மணிக்கட்டையும் பார்த்தேனே ஒழிய, மூச்சைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் போன் வந்தது. முனிரத்தினம் கேட்டுவிட்டு எழுந்தார். கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. "கொழந்த" என்றார், அவ்வளவுதான். நானும் ஓடினேன்.

சத்தியவேடு பக்கத்திலிருந்து திருப்பதிக்கு மொட்டையடிக்கக் கிளம்பிய குடும்பம். வேனில் வரும் வழியெல்லாம் குழந்தைக்கு வாந்தியும் பேதியும். பத்து மாதப் பெண், அலமேலு என்று பேர். அப்பா பாபு குவைத்தில் டிரைவர். பிள்ளை பிறந்தபின் இப்போதுதான் முதல்முறை பார்க்கிறார், திங்கட்கிழமை திரும்ப வேண்டும். அம்மா ரேவதி குழந்தையை மேசையில் கிடத்திவிட்டு அதன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்கள் உள்ளே போய், உச்சிக்குழி அமுங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது குழந்தை. நர்ஸ் இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த நாட்டில் எனக்கு மருத்துவப் பதிவு கிடையாது. நோயாளிமேல் கை வைக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் தட்டில் கத்திரிக்கோல் இருந்தது. என் டிரில் இருந்திருந்தால் கை அதைத் தேடியிருக்கும். அது இல்லாததால், பயிற்சி டாக்டராக இருந்த காலத்துப் பழக்கத்துக்குக் கை தானாகவே போய்விட்டது. தலையில் ஒரு நரம்பு பார்க்கலாம் என்று, குழந்தையின் நெற்றிக்கு மேலே இடப்பக்கத்தில் ஒரு கொத்து முடியை வெட்டிவிட்டேன்.

"அய்யோ, சாமி முடி!"

கத்தியவள் ரேவதி. திங்கட்கிழமை ஒருவர் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து சொன்ன கதை முழுவதும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேட்டு, கண் கலங்கி, நெய் ஊற்றச் சொன்னவள் நான். பாபு குனிந்து தரையில் விழுந்த முடியைப் பொறுக்கிக் கைக்குள் மூடிக்கொண்டார். முடிக்காக இப்படி வீணான நேரத்தில்தான் இரண்டு கோடைக்கு முன்னால் அந்தப் பிள்ளை போயிருக்கும்.

முனிரத்தினம் என்னைத் திட்டவில்லை. "மேடம், கத்திரிய கீழ வைங்க" என்றார். அப்புறம் ரேவதியைப் பார்த்து, "அம்மா, தலைய இனிமே ஒருத்தரும் தொட மாட்டாங்க. அது சாமியோடது. எனக்குக் காலு ஒண்டி குடு" என்றார்.

ரேவதி தான் பிடித்திருந்த பாதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் பையிலிருந்து ஊசியை எடுத்து உறையைக் கிழித்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடி இல்லை. அதே நேரம் வாசலில் சரளா மூச்சிரைக்க நின்றார், கையில் கண்ணாடி. "சோத்துத் தட்டு பக்கத்துலயே வெச்சுட்டு வந்துட்டாரு." கண்ணாடியை மாட்டிவிட்டு அவர் காதருகே, "பேசிக்கினே" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்.

முனிரத்தினம் பேசினார். "அலமேலு, கண்ணு, எங்கடா கெளம்பின? மலைக்கா? நானும் போயி ரொம்ப நாளாச்சு. உங்க நைனா குவைத்துலேர்ந்து உனக்கு இன்னா எடுத்துக்கினு வந்தாரு? ஒண்ணும் இல்லடா, இதோ, இதோ ஆச்சு..." விரல்கள் திருகிக்கொண்டிருந்தன. வாய் நிற்கவில்லை, மூச்சும் நிற்கவில்லை. "...மலையில லட்டு குடுப்பாங்க, உனக்குப் பல்லு இருக்குதா?" திருகிய விரல் நின்றது. அவர் கையை எடுத்தார். ஊசி தானாக நின்றது. எலும்பில் சரியாக இறங்கிய ஊசி அப்படித்தான் நிற்கும்.

சிரிஞ்சை மாட்டி இழுத்தார். சிவப்பாக ஒரு நூல் ஏறியது.

தண்ணீரை சிரிஞ்ச் சிரிஞ்சாக ஏற்றினார். நான் நிரப்பி நிரப்பிக் கொடுத்தேன். அது கை வைத்த கணக்கில் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடிக்கொரு தரம் கால் வீங்குகிறதா என்று தடவிப் பார்த்தார், வீங்கவில்லை. எத்தனையாவது சிரிஞ்ச் என்று எண்ணவில்லை, குழந்தை முகத்தைக் கோணி ஒரு வறட்டு அழுகை அழுதது. பத்துமலைப் போட்டோவில் என் வாய் இருந்த மாதிரியே அதன் வாயும் இருந்தது. நானும் சேர்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை.

திருப்பதிக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தபோது பாபு இன்னும் முஷ்டியை விரிக்காமல்தான் நின்றார். என்னிடம் வந்து மெல்லத் திறந்தார். வியர்வையில் ஊறிய ஒரு கொத்து முடி.

"இத இன்னாம்மா பண்றது?"

மன்னிப்புக் கேட்டேன். முனிரத்தினம் ஊசி வந்த உறையை நீட்டினார். பாபு முடியை அதற்குள் போட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரேவதி என் பக்கம் திரும்பவே இல்லை.

*

வெள்ளியும் சனியும் ஊர் சுற்றிப் பார்ப்பதாக இருந்தேன். எதையும் பார்க்க மனம் வரவில்லை. திருப்பதியில் குழந்தை இருந்த ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு டீக்கடையில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடைக்காரர் டீயை ஆற்றுகிற உயரம் எங்கள் ஊர்க்காரர்களின் உயரத்தில் பாதிதான். ஆனால் 'பாப்பா எப்படி கீது' என்று என்னிடம் மணிக்கொரு தரம் கேட்டார். சனிக்கிழமை பெட்டி வந்தது. டிரில்லின் பேட்டரி செத்துப்போயிருந்தது. பிஸ்கட் டின்னைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலை முனிரத்தினம் போனில் கூப்பிட்டார். "பாப்பாவ வுட்டுட்டாங்க மேடம். பால் குடிக்குது. நாளைக்கு மலைக்குப் போறாங்க. உங்களையும் வரச் சொல்லுது அந்தப் பொண்ணு."

"என்ன சொன்னாங்க?"

"வெட்டின கை வரணும்னு சொல்லுச்சு."

*

ஞாயிற்றுக்கிழமை மலையேறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாதி வளைவு, பாதி பயம்.

முடியிறக்கும் கூடத்தில் தரை முழுவதும் ஈரம். நாலு திசையிலும் குழந்தைகளின் அழுகை. ரேவதி அலமேலுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழந்தையின் காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்திரி. முடியிறக்குபவர் தலையை நனைத்தார், இடப்பக்கத்தில் விரலை நிறுத்தினார். தெலுங்கில் அவர் கேட்டதை முனிரத்தினம் எனக்குச் சொன்னார்: "இங்க யாரு எனக்கு முன்னாடி வேலைய ஆரம்பிச்சது?"

ரேவதி என்னைப் பார்த்தாள். நான் கையை லேசாகத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தப்பு செய்தவள் தூக்குவது போல.

பாபு உறையைப் பிரித்து அந்த முடிக் கொத்தை எடுத்துக் கொடுத்தார். "இதுவும் சாமிதுதான். இது சேருமா?" என்று கேட்டார். முடியிறக்குபவர் அதைக் கையில் வாங்கி ஒரு கணம் பார்த்தார். தண்ணீரில் தோய்த்தார். குழந்தையின் நெற்றிக்கு மேலே, வெட்டின இடத்திலேயே அதை ஒட்டவைத்து விரலால் தடவிப் படியவைத்தார். அப்புறம் அங்கிருந்தே கத்தியை வைத்து, ஒட்டின முடியையும் மற்ற முடியையும் ஒரே இழுப்பில் இறக்கினார்.

ரேவதி குனிந்து பார்த்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையின் ஈரத் தலைமேல் வைத்தாள். "சந்தனம் நீங்க பூசுங்க" என்றாள்.

பூசினேன். வெட்டின இடத்தில் முதலில், பிறகு தலை முழுவதும்.

திரும்பிப் பார்த்தால் முனிரத்தினம் சட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

"நீங்களுமா சார்?"

"ஊசி எறங்கறப்போ வாய் ஒண்ணு பேசிக்கினு இருந்துது மேடம், மனசு ஒண்ணு வேண்டிக்கினு இருந்துது." தலையை நீட்டினார். "மை பூசுன முடிய சாமி ஏத்துக்குவாரான்னு தெரியல."

முடியிறக்குபவர் சிரித்துவிட்டார். கருமுடி கொத்துக் கொத்தாக விழுந்தது, வேரில் வெள்ளை. கத்தி ஓடும்போதே கேட்டேன், டெக்சாஸ் எப்போது என்று.

"தீபாவளிக்கு. ரெண்டு வாரம் லீவு. டூட்டிக்கு ஒரு ஆள் போட்டுட்டுத்தான்."

மொட்டையோடு எழுந்து சட்டையை மாட்டினார். பழக்க தோஷத்தில் கை பைக்குள் போய்ச் சீப்பை எடுத்துவிட்டது. தலைவரை கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி அதைப் பார்த்தார். அப்புறம் ரேவதியிடம் நீட்டினார்.

"பாப்பாவுக்கு வெச்சுக்கம்மா. சீக்கிரம் வளந்துடும்."

ரேவதி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.